எத்தியோப்பியாவில் சம்பாதித்த மாடி

எங்கள் மாடிக்குக் கிழக்குத் தாம்பரத்தில் 'ஆப்பிரிக்கா மாடி' என்று பெயர். எங்கள் சர்ச் சபையார் வைத்த பெயர். பாதி கிண்டல், பாதி வயிற்றெரிச்சல். என் வீட்டுக்காரருக்கு அதில் ஏகப் பெருமை. யாராவது அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டு வந்தால் முகம் மலர்ந்துவிடும். எனக்கோ அதைக் கேட்டால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளின் பிற்பாதியில் நம் பக்கத்து வாத்தியார்கள் கூட்டங்கூட்டமாக எத்தியோப்பியாவுக்குப் போனார்கள். அந்த நாட்டில் பள்ளிக்கூடங்களைத் திறந்துகொண்டே இருந்தார்கள். பாடம் நடத்தத்தான் ஆளில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கோவில் வாசலில் இதே பேச்சு. யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் திரும்பி வந்து எங்கே மனை வாங்கினார்கள் என்பதுதான் பேச்சே தவிர, அந்த நாடு உலகப்படத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். நான் பூகோளம். தலைநகரான அடிஸ் அபாபாவில் ஒரே பள்ளியில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. பிள்ளைகள் கிடையாது. புளி, மிளகாய்த்தூள், அப்பளம், இட்லித் தட்டு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஒரு ஊரில் வருஷக்கணக்காக இருந்துகொண்டு அந்த ஊரைப் பார்க்காமலே இருப்பது எவ்வளவு கஷ்டமான காரியம்! எங்கள் இந்திய வாத்தியார் கூட்டம் அதை அசராமல் செய்தது. பள்ளிக்கூடம், வீடு, ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் ரசமும் கேரமும். ஊர்க்காரர்களை 'இதுங்க' என்றுதான் சொல்வார்கள். "இதுங்களுக்குப் பின்னக் கணக்கு ஏறவே ஏறாது" என்பார் என் வீட்டுக்காரர். தாம்பரத்தில் எட்டாம் வகுப்புப் பையன்களைப் பற்றியும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு ஞாபகம் இருக்காது.

அந்த ஊரைப் பார்த்து நான் மயங்கிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். யூகலிப்டஸ் விறகுப் புகையும் மழைச் சேறும் கலந்த ஊர். மேட்டு நிலம் என்பதால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பேரரசரின் கார் வந்தால் நடுரோட்டில் கிழவர்கள் சேற்றில் விழுந்து கும்பிடுவார்கள். காருக்குள் இருப்பவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இன்ஜெரா என்று ஒரு பதார்த்தம், நம் ஆப்பத்தைத் தாம்பாளம் அகலத்துக்கு ஊற்றி நாலு நாள் புளிக்க விட்ட மாதிரி இருக்கும். முதல் மாதம் எனக்கு அதன் வாசனையே ஆகவில்லை. ஆனால் ஆகவில்லை என்றால் இரண்டாம் முறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

பள்ளியில் அம்ஹாரிக் மொழிப் பாடம் எடுத்த டீச்சர் என் வயதுக்காரி. ஊர் கோண்டர், வடக்கே ரொம்ப தூரம். மழைக்கால லீவு முடிகிற சமயம் "என் ஊருக்கு வருகிறாயா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரரையும் அழைத்தாள். அவர், "பஸ்ஸில் மூட்டைப்பூச்சி இருக்கும்" என்றார். இருந்தது. அதற்காக நான் நின்றுவிடவில்லை.

பஸ் பன்னிரண்டு மணிக்கு என்றாள். "அப்போ மத்தியானம் சாப்பிட்டுவிட்டே போ" என்றார் இவர். அங்கே பொழுது விடிவதை வைத்துத்தான் மணிக் கணக்கு. நம் காலை ஆறு மணி அவர்களுக்குப் பன்னிரண்டு. அத்தனை நாள் அங்கே குப்பை கொட்டிய பிறகும் இது இவருக்கு விளங்கவில்லை. நடுராத்திரியில் எல்லாரும் தூங்கும்போது தேதி மாறுவது மட்டும் ரொம்ப நியாயமாகப் பட்டது.

பஸ்ஸில் ஆடுகளுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு உண்டு. மற்றபடி வசதி எங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஊரைத் தாண்டியதும் மழை விட்ட மேட்டுநிலம் முழுவதும் மஞ்சள் பூ. யாரும் விதைக்காத, யாரும் தண்ணீர் ஊற்றாத பூ. அவர்களுக்குப் புது வருஷம் பிறக்கும்போது சொல்லி வைத்தாற்போலப் பூக்குமாம். நான் ஜன்னலோரம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ரோடு சட்டென்று கீழே இறங்க ஆரம்பித்தது. வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டே போனால் மேலே போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. அடியில் நம்மூர்ச் சித்திரை வெயில். அங்கே ஒரு பாலம். பாலத்துக்குக் கீழே நீல நைல்.

வருஷா வருஷம் போர்டில் நீலச் சாக்பீஸால் அந்த ஆற்றைக் கோடு போட்டவள் நான். ஆறு நீலமில்லை. செங்கல் சூளைக்குக் குழைத்த மண் மாதிரி சிவப்பாகக் குதித்துக்கொண்டு போயிற்று. எனக்குப் பாடம் எடுத்த யாரும் இதைப் பார்த்ததில்லை. என்னிடம் படித்தவர்களுக்கும் பாவம், நீல நைல்தான் கிடைத்தது. புத்தகத்தைப் பார்த்துப் புத்தகம் எழுதுகிற நம் பாடப்புத்தகக்காரர்கள் மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

ஆறு புறப்படுகிற ஏரிக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தோம். கரை தெரியாத ஏரி. கோரையைக் கட்டிச் செய்த படகில் விறகு ஏற்றிக்கொண்டு ஆட்கள் போனார்கள். படகில் பாதி தண்ணீருக்குள்தான் இருந்தது, அவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நடுவில் தீவுகள், தீவுகளில் பழைய மடங்கள். ஒரு மடத்துக்குப் பெண்கள் போகக் கூடாது. பெட்டைக் கோழிகூடக் கூடாதாம். சாமியார்கள் எந்த நாட்டிலும் சாமியார்கள்தான் என்று சொன்னேன். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த ஆறு விழுகிற அருவிக்கும் கூட்டிப் போனாள். அரை மைல் தூரத்திலேயே புடவை நனைந்துவிட்டது. அதைப் பற்றி வர்ணித்து எழுத எனக்கு வராது. பார்த்தேன், அவ்வளவுதான்.

கோண்டரில் பழைய ராஜாக்களின் கல் கோட்டைகள் ஒரே மதிலுக்குள் வரிசையாக நிற்கின்றன. அப்பன் கட்டியதில் மகன் குடியிருக்க மாட்டான் போலிருக்கிறது, ஆளுக்கொன்று கட்டியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட அங்கே ஒரு சின்னக் கோவில்தான் பிடித்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க முகங்கள். சிறகு முளைத்த, பெரிய கண்ணுள்ள, பழுப்பு நிற தேவதூதர்கள். நம் கோவில்களில் மாட்டியிருக்கிற படங்களில் தேவதூதர்களுக்கெல்லாம் மஞ்சள் முடி. முதல் தடவையாக, பார்த்தால் எங்கள் சித்தப்பா மாதிரி இருக்கிற ஒரு தேவதூதனைப் பார்த்தேன்.

அன்று டீச்சரின் அம்மா வீட்டில் சாப்பாடு. எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். அந்த அம்மாள் இன்ஜெராவைப் பிய்த்து, காரக் குழம்பில் கறியை வைத்து உருட்டி, எழுந்து வந்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். அதற்குக் குர்ஷா என்று பெயர். விருந்தாளிக்கும் வேண்டியவர்களுக்கும் தன் கையால் ஊட்டுவது அவர்களுக்குப் பெரிய மரியாதை. மறுப்பது முகத்தில் துப்புகிற மாதிரி. பெற்ற தாய் ஊட்டியே முப்பது வருஷம் ஆகியிருந்த எனக்கு 'எச்சில்' என்ற ஒரே வார்த்தைதான் மனதில் ஓடியது. ஆனாலும் வாயைத் திறந்தேன். மெல்லும்போது ஏனோ அழுகை வந்துவிட்டது. காரம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தார்கள்.

டீச்சரின் தம்பியும் அங்கே இருந்தான். பள்ளிக்கூடக் கடைசி வகுப்பு. இந்தியாவில் போய்ப் படிக்க ஆசை என்றான். "வா. எங்கள் ஊரிலேயே காலேஜ் இருக்கிறது. ஊருக்குப் போனதும் வீட்டுக்கு மாடி கட்டப் போகிறோம். நீ அங்கே தங்கு" என்றேன். டீச்சர் அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்த அம்மாள் எழுந்து நின்று, இடுப்பு வளைய எனக்கு வணக்கம் சொன்னாள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

ஒப்பந்தம் முடிந்து திரும்பினோம். மாடி எழும்பியது. தனிப் படிக்கட்டு, இரண்டு ஜன்னல், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி. மாடிச் சுவர் காய்வதற்குள் என் வீட்டுக்காரரைச் சபை மண்டபத்தில் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு 'இருண்ட கண்டத்தில் நான்கு ஆண்டுகள்'. அடிஸ் அபாபாவில் ஒரு கிரேக்கர் கடையில் வாங்கிய பழைய கேமராவில் நான் எடுத்திருந்த ஸ்லைடுகளைத் திரையில் போட்டு இவர் விளக்கினார். இவர் பார்க்காத ஆறு, இவர் ஏறாத கோட்டை, இவர் நுழையாத கோவில். "இங்கே சிங்கங்கள் நடமாடும்" என்றார் ஒரு ஸ்லைடைக் காட்டி. அது நான் காய்கறி வாங்கின சந்தைக்குப் பின்புறம். கூட்டம் 'ஆ' என்றது. பேச்சு முடிந்ததும் சபை மூப்பர் எழுந்து, "இந்த ஜனங்களை எந்த மிஷன்காரர் ஆண்டவரிடம் கொண்டுவந்தார்கள், சார்?" என்று கேட்டார். வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் மரத்தையும் கல்லையும் கும்பிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே கோவில் கட்டின ஜனங்கள் அவர்கள். கேட்டவருடைய குடும்பம் ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறைகூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர், "அதைப் பற்றித் தெளிவான தகவல் இல்லை" என்று பதில் சொன்னார்.

எழுபதுகள் பிறந்து கொஞ்ச நாளில் டீச்சரின் தம்பி உதவித்தொகை வாங்கிக்கொண்டு உண்மையிலேயே தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தான். ஹாஸ்டலில் அந்த வருஷம் இடமில்லை. கொஞ்ச நாளைக்கு விருந்தினர் அறையில் இருக்கலாம், அதற்குள் வெளியே அறை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அவன் நேராக என் வீட்டுக்கு வந்தான். நெட்டையாக வளர்ந்திருந்தான். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, குனிந்து, யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு "அக்கா" என்று கூப்பிட்டான்.

அன்று சாயங்காலமே இவரிடம் மாடியைப் பற்றிப் பேசினேன். "ஈரம் காயவில்லை" என்றார். காய்ந்துவிட்டது என்றேன். "என் தங்கை குடும்பம் வரலாம்" என்றார். அவர்கள் திருச்சியில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள் என்றேன். கடைசியில் உள்ளே இருந்தது வெளியே வந்தது. "சபையில என்ன சொல்வாங்க? அடுத்த மாசம் கமிட்டி எலெக்ஷன்." இவர் செயலாளர் பதவிக்கு நின்றுகொண்டிருந்தார். நாலு நாற்காலி, ஒரு பீரோ, வருஷத்துக்கு ஒரு அறுவடைப் பண்டிகை, இவ்வளவுதான் அந்தப் பதவியின் சாம்ராஜ்யம். அதற்காக ஒரு மனிதர் அப்படித் தூக்கம் கெட்டு நான் பார்த்ததில்லை.

இவர் மனசு மாறும்வரை அவனுக்கு வேறு இடமாவது கிடைக்கட்டும் என்று அவனைக் கூட்டிக்கொண்டு சேலையூர், சிட்லபாக்கம் என்று வீடு வீடாக ஏறினேன். வாசல் நிலையில் வசனம் எழுதி வைத்திருந்த ஓய்வுபெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ், "எனக்கு ஒண்ணும் இல்ல மிஸஸ், அக்கம்பக்கத்துலதான்" என்றார். அவருக்கு அக்கம்பக்கம் என்று சொல்ல ஒரு வீடும் இல்லை. இரண்டு பக்கமும் காலி மனை, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. சிட்லபாக்கத்தில் ஒருவர் சட்டை போடாமல் சாய்வு நாற்காலியில் படுத்தபடியே பேசினார். "இன்னாம்மா இது, ஆளு இம்மாங் கறுப்பா கீறான். ராத்திரில கொயந்தைங்க பாத்தா பயந்துகினு காய்ச்சல் வந்துடும். பேஜார்மா." சொன்னவர், பக்கத்தில் நின்ற பையனைவிட நாலு பங்கு கறுப்பு. வீட்டில் கண்ணாடி இல்லையா என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினேன். பையனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எதற்கும் 'என்ன சொன்னார்?' என்று அவன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

எலெக்ஷனுக்கு முந்தின ஞாயிறு, மூப்பரையும் அவர் மனைவியையும் இவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தார். நான் பையனையும் அழைத்தேன். வேண்டுமென்றேதான் அழைத்தேன். நேரில் உட்கார்ந்து சாப்பிட்டால் மனுஷனுக்கு மனுஷன் இளகாமலா போய்விடும் என்று நினைத்தேன். அவ்வளவு வயதாகியும் அவ்வளவு அசடாக இருந்திருக்கிறேன்.

சோறும் கறிக்குழம்பும் பரிமாறினேன். பையன் சுத்தமாகக் கை கழுவி வந்து, கையாலேயே சாப்பிட்டான். அதுவே மூப்பர் மனைவிக்கு ஆச்சரியம். ஸ்பூன் கேட்பான் என்று நினைத்தாளாம். பேச்சு நன்றாகத்தான் போயிற்று. இவர்கூட அவனிடம் பின்னக் கணக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார், அவன் சரியாகப் பதில் சொன்னான். வீட்டுப் பெரியவர் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசிய சந்தோஷத்தில் பையனுக்குத் தன் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. குழம்பில் தோய்த்த சோற்றில் நல்ல கறித்துண்டாக ஒன்று வைத்து உருட்டினான். எழுந்தான். மேஜையைச் சுற்றி வந்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, என் வீட்டுக்காரரின் வாய்க்கு நேரே நீட்டினான்.

என்ன நடக்கிறது என்று இவருக்குத் தெரியும். நான்கு வருஷம் அந்த ஊரில் இருந்தவர்; பள்ளிக்கூட விருந்துகளில் பார்த்திருக்கிறார்; சபை மண்டபத்தில் இதையும் ஒரு வேடிக்கையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். வாயைத் திறந்தால் போதும். இவர் நாற்காலியோடு பின்னுக்குப் போய், "நோ, நோ! சீ, எச்சில்!" என்றார். மூப்பர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "குரங்குக்கு ஊட்டுற மாதிரி ஊட்ட வர்றானே!" என்றார் மூப்பர். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீட்டிய கை அப்படியே நின்றது. குழம்பு அவன் மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் இறங்கிற்று. நான் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்து, உருண்டையை வாங்கிச் சாப்பிட்டேன். பெரிய உருண்டை. நின்றபடியே மென்று முடித்தேன்.

விருந்தாளிகள் போனதும் மாடிச் சாவியை எடுத்து வந்து வராந்தாவில் நின்றவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான். "அக்கா, இதை அவர் கொடுக்கட்டும். உங்களிடம் வாங்கினால் இந்தப் படியில் நான் தினமும் திருடன் மாதிரி ஏறி இறங்க வேண்டும்." உள்ளே ஹாலில் இவர் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசியது ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும். பையன் குனிந்து ஷூ லேஸை ரொம்ப நேரம் கட்டினான். அவருக்கு அவகாசம் கொடுத்தான் என்றுதான் நினைக்கிறேன். பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. பையன் வணக்கம் சொல்லிவிட்டுப் போனான்.

இவர் எலெக்ஷனில் ஜெயித்தார். மாடிக்கு ஒரு பாங்க் குமாஸ்தா குடும்பம் வந்தது. பையன் காலேஜ் சமையல்காரர்கள் தங்குகிற கொட்டகையில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு அந்த வருஷத்தை ஓட்டினான் என்று பிறகு தெரிந்தது. மறு வருஷம் ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. நான் சாப்பாடு கட்டிக்கொண்டு போவேன். வாங்கிக்கொள்வான், சிரிப்பான். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரமாட்டான். நான் இவரோடு தேவைக்குமேல் பேசுவதை நிறுத்தியிருந்தேன். இவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்புகிற வாரம் ஒரு நாள் காலையில் அவனாகவே வந்தான். இவர் கமிட்டி வேலையாக வெளியே போயிருந்தார். உட்காரச் சொன்னேன்; நின்றுகொண்டே இருந்தான். தயங்கித் தயங்கி, "மாடியை ஒருமுறை பார்க்கலாமா?" என்றான்.

குமாஸ்தாவின் மனைவியிடம் கேட்டுக்கொண்டு அழைத்துப் போனேன். கதவருகிலேயே நின்று சுவரையும் தரையையும் நிதானமாகப் பார்த்தான். ஜன்னலுக்குப் போய் வெளியே என்ன தெரிகிறது என்று பார்த்தான். தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுப் பார்த்தான்.

"அம்மாவிடமும் என் அக்காவிடமும் நான் இத்தனை வருஷமும் இங்கேதான் இருந்தேன் என்று சொல்லியிருக்கிறேன்" என்றான். "அம்மா தினமும் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணுகிறாள். ஊருக்குப் போனால் அறை எப்படி இருந்தது என்று கேட்பார்கள்."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அக்கா, கட்டில் எந்தச் சுவரோரம் போட்டிருப்பீர்கள்?"

கிழக்குச் சுவரோரம் என்று சொன்னேன்.

"காலையில் வெயில் எந்த ஜன்னல் வழியாக வரும்?"

காட்டினேன். அவன் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றான்.